'ஒன்னார்': பணியாமையைச் சுட்டிய ஒரு பழஞ்சொல்

வழக்கொழிந்த 'ஒன்னார்' என்னுஞ் சொல்லுக்கு உரைகாரரும் அகராதிகாரரும் பொதுவாகத் தரும் பொருள் 'பகைவர்' என்பதாகும். அப்பொருள் தவறன்று, ஆயின் போதியதுமன்று. சொல்லின் பிறப்பை நோக்குவார்க்கு அதனுள் ஒரு சமூக உறவு பொதிந்து கிடப்பது புலனாகும்.

'ஒன்று' என்னும் வினையடியின் எதிர்மறையாகிய 'ஒன்றார்' என்பதே 'ஒன்னார்' எனத் திரிந்தது. பொருந்தாதவர், இணங்காதவர் என்பதே அதன் நேர்ப்பொருள். நண்ணார், துன்னார், மருவார், கூடார், ஒட்டார், பணியார் ஆகியனவும் இவ்வினத்தனவே. 'செறுநர்' என்பது சினத்தலாகிய செயலைச் சுட்ட, இவை செய்யாத செயலைச் சுட்டுகின்றன. தாக்கியவன் மட்டுமன்றி, வந்து சேராதவனும் பகைவனாயினான்.

யாருடன் சேராதவன் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. இச்சொற்கள் பெரும்பாலும் வேந்தனது அவையில் நின்று உலகை நோக்குவன. வேளிரையும் சிற்றூர்த் தலைவரையும் தம் மேலாண்மைக்கு உட்படுத்தி வேந்தர் திறைகொள்ள முயன்ற சூழலில், விலகி நிற்றலே குற்றமாயிற்று. புறநானூற்றின் மகட்பாற்காஞ்சிப் பாடல்கள் இதற்குச் சான்று பகர்வன. பெண் வேண்டிவந்த வேந்தனுக்கு ஊர்த்தலைவன் மறுக்கின்றான். அம்மறுப்பினாலேயே ஊர் அழிவை எதிர்நோக்குகின்றது.

திருக்குறளில் இச்சொல் வேறொரு கட்டத்தை அடைகின்றது. 264ஆம் குறளில் அது தவத்தின் ஆற்றலால் அழிக்கப்படுவோரைக் குறிப்பதால், அரசியற்சொல் அறவியற்சொல்லாகவும் விரிகின்றது. 828ஆம் குறளோ, தொழும் கையினுள்ளும் படைக்கலம் மறைத்திருப்போரை 'ஒன்னார்' என்கின்றது. இங்கு வணங்குபவனே ஒன்னான்! இணங்காமை புறச்செயலிலிருந்து உள்ளத்துக்கு இடம்பெயர, பணிவும் ஐயத்துக்குரியதாகின்றது.

எனினும், ஒன்னாரையெல்லாம் மக்கட் கிளர்ச்சியாளராகக் கொள்வது வரலாற்று முறையாகாது. அவருட் பலர் தாமும் குடிகளிடம் பொருள் கொண்ட தலைவரே. அவர்க்கும் வேந்தர்க்கும் இடையிலான முரண்பாடு ஆள்வோருக்கிடையிலானது. அவ்வூர்களின் உழவரும் வினைஞரும் அப்போரின் சுமையைத் தாங்கினரேயன்றி அதனைத் தீர்மானித்தவரல்லர். முற்போக்குத் திறனாய்வு இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

ஆயினும், 'பகைவர்' என்ற ஒற்றைச்சொல்லோடு உரை அமையுமிடத்து, மறுத்தவனின் மறுப்பு மறைந்து வேந்தனின் தீர்ப்பே எஞ்சுகின்றது. ஒன்னார் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதை இச்சொல் கூறாது. அவர் எதற்கு உடன்படவில்லை என்று பாடல்தோறும் வினவுதல், அவ்விலக்கியத்தை இன்று பயில்வோரின் கடனாகும்.