மூன்றாவது அங்குலம்

‘ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்’ என்ற கத்தி செய்யும் தொலைக்காட்சிப் போட்டி 2015-இல் தொடங்கியபின் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே கத்தி அடித்துப் பார்க்கும் ஆசை பலருக்கும் தொற்றியது. காலியான 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டரை அறுத்து, உள்ளே செராமிக் கம்பளி சுற்றி, காஸ் உலை கட்டுகிறார்கள். அவர்களிடையே ஓடும் ஒரு வாதம் எனக்கு நெடுநாளாக உறுத்தல்: இரண்டு அங்குல லைனிங் போதாது, மூன்று வேண்டும், கனம் கூடக் கூட காஸ் மிச்சம். போன வாரம் நண்பர் ஒருவரும் இதையே அடித்துப் பேசினார்.

அவர் சொன்னதில் சரியானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு அங்குலம் போதவே போதாது. வெளித்தகட்டின் பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும். கம்பளி எடை குறைந்தது, அதனால் உலை சீக்கிரம் சூடேறும். பன்னிரண்டு அங்குல உருளைக்குள் மூன்று அங்குலம் போட்டால் மிஞ்சும் ஆறங்குலக் குழி, முக்கால் அங்குல பர்னர் ஒன்றுக்குக் கச்சிதம்.

ஆனால் காஸ் மிச்சம் என்ற கணக்குதான் இடிக்கிறது. உலை 1250 டிகிரி செல்சியஸில், ஒரு அடி நீளத்தில் எரிகிறது என்று கொள்வோம். என் தோராயக் கணக்கில், ஒரு அங்குலக் கம்பளி போட்ட சுவர் வழியே இரண்டரை கிலோவாட் வெப்பம் வெளியேறும். இரண்டு அங்குலமானால் ஒன்றே கால் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்றானால் முக்கால் கிலோவாட்டுக்குக் கீழே. இரண்டாவது அங்குலம் நல்ல லாபம் தருகிறது. மூன்றாவது அரை கிலோவாட்டைக்கூட மீட்டுத் தருவதில்லை. அதற்கு விலையாகக் குழியின் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதம் போகிறது.

இனி உலையின் வாயைப் பாருங்கள். அதே 1250 டிகிரியில், திறந்த வாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறத்தாழ 30 வாட் வெப்பத்தைக் கதிராக வெளியே கொட்டுகிறது. நான்குக்கு ஆறு அங்குல வாய் என்றால் நாலரை கிலோவாட்டுக்கு மேல்! பின்பக்கமும் திறந்திருந்தால் அதன் பங்கு தனி. நண்பரின் உலையிலேயே இதைப் பார்த்தேன். மூன்று அங்குல லைனிங் போட்ட உருளைக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனால் இதமான சூடுதான். வாய்க்கு நேரே இரண்டடி தள்ளி நின்றபோது முழங்கால் தாங்கவில்லை. அவர் அங்கே மறைப்பாக ஒரு தீச்செங்கல்கூட வைத்திருக்கவில்லை. கனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர், வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்குப் போர்வைமேல் போர்வை போர்த்திவிட்டுக் கதவை அகலத் திறந்து வைப்பதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

வாயை ஒரேயடியாக அடைக்கவும் கூடாது. காற்றைத் தானே இழுக்கும் பர்னர் எதிரழுத்தத்தில் திணறும். கார்பன் மோனாக்சைடும் பெருகும். கொட்டகைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும். வாய்க்கு அரை அங்குலம் தள்ளித் தீச்செங்கல்லை நிறுத்தினால், புகை பக்கவாட்டில் போகும், கதிரில் பெரும்பகுதி தடுக்கப்படும். கத்தி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டால் போதும்.

கனத்தை எண்ணுகிறவர்கள் மறக்கும் இன்னொன்று, கம்பளியின் முகம். இரும்பை ஒட்டவைக்கத் தூவும் வெண்காரம் உருகிச் சொட்டினால் கம்பளி கரைந்து குழியாகிவிடும். மூடாத கம்பளியின் இழை நுரையீரலுக்குக் கேடு. அரை அங்குல காஸ்டபிள் (குழைத்துப் பூசும் தீக்காரை) பூச்சு இரண்டுக்குமே காப்பு.

புதிதாக உலை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு அங்குலக் கம்பளி, அதன்மேல் அரை அங்குல காஸ்டபிள், அத்தோடு நிறுத்துங்கள். மூன்றாவது அங்குலத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் நான்கு தீச்செங்கல் வாங்கி வாய்க்கு முன்னால் வையுங்கள்.