விசில் என்ற ஏவல்

சிறுபத்திரிகையில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு கேட்டுவிடுவது நமக்குள் மரபு. நான் அதைச் செய்யப் போவதில்லை. விளம்பரம் வாசகனை என்ன செய்கிறது என்று இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜனரஞ்சக வாரப் பத்திரிகைகளைத் திட்டித் திட்டி அலுத்தும்விட்டோம். அதே காரியம் சேப்பாக்கத்தில் பகிரங்கமாக, விளக்கு வெளிச்சத்தில், நாற்பதாயிரம் பேர் முன்னிலையில் நடக்கிறது. நானும் அந்த நாற்பதாயிரத்தில் ஒருவனாகச் சில தடவை இருந்திருக்கிறேன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்யதை உண்டு.

தமிழில் 'ரசிகன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சங்கீத சபையையும் சினிமாக் கொட்டகையையும் விளையாட்டு மைதானத்தையும் சமாளித்து வருகிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் புழங்கும் சொல் வெறியன் என்பதன் குறுக்கம். நம்முடையது ரசனையிலிருந்து வருகிறது. ருசி பார்க்கிறவன், ஆகவே இது நன்று இது சோடை என்று சொல்லத் தெரிந்தவன். சபாவில் முன்வரிசைக் கிழவர் 'ப்ச்' என்று நாக்கைச் சப்புக்கொட்டுவதும் ரசனையின் பகுதிதான். விளையாட்டு வியாபாரத்தின் விளம்பரத் துறை நமக்கு விளையாட்டை விற்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். விளையாட்டை யாரும் விற்க வேண்டியதில்லை, அதை நாம் எப்படியும் பார்ப்போம். இந்தச் சொல்லின் அர்த்தத்தை மாற்றுவதுதான் அந்தத் துறையின் வேலை என்பது என் அபிப்ராயம்.

முன்பெல்லாம் ஆட்டம் பரிசுத்தமாக இருந்தது என்ற புலம்பல் எனக்கு உவப்பானதல்ல, உண்மையும் அல்ல. சென்னை லீக்கில் ஆடிய அணிகளின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். சிமெண்ட் கம்பெனி, பிஸ்டன் கம்பெனி, வங்கிகள். விஸ்வநாத்துக்கும் வடேகருக்கும் சம்பளம் கொடுத்தது ஸ்டேட் வங்கி. அதுவும் ஒரு வகை விளம்பரம்தான், அடக்கமான விளம்பரம். 1987 உலகக் கோப்பை ரிலையன்ஸ் பெயரிலும் 1996 உலகக் கோப்பை ஒரு சிகரெட்டின் பெயரிலும் நடந்தன. 1996-ல் ஒரு குளிர்பானம் காசு கொடுத்து 'அதிகாரபூர்வ' பானமாயிற்று. போட்டிக் கம்பெனி அந்த அதிகாரபூர்வத்தையே கேலி செய்து விளம்பரம் போட்டது. அந்தக் கோப்பையில் 523 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கரின் மட்டை, ஒட்டு ஏதுமில்லாமல் வெறும் மரமாக இருந்தது. பிற்பாடு அதில் ஏறிய மூன்று எழுத்துக்கள் நம் ஊர் டயர் கம்பெனியினுடையவை. 1987-ல் டென்னிஸ் லில்லியைக் கூட்டிவந்து இங்கே வேகப்பந்துப் பள்ளி ஆரம்பித்ததும் அதே கம்பெனிதான். இதில் எனக்குப் புகார் இல்லை. பெயரை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவு. நான் எப்படிப் பார்க்க வேண்டும், எப்போது சத்தம் போட வேண்டும் என்று அந்த டயர் என்னிடம் சொல்லவில்லை.

2008-ல் வந்தது வேறு ஜாதி. சென்னை என்ற பெயரில் ஓர் அணி வைத்துக்கொள்ளும் உரிமை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் தலைவர் அப்போது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். தோனி 15 லட்சம் டாலருக்கு வந்தார். ராஞ்சிக்காரர், க்வீன்ஸ்லாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர், இலங்கையர் எல்லோரும் ஒரே மஞ்சள் சட்டையில். இரண்டு வருஷத்துக்குள் ஊர் அதைத் தன்னுடையது என்றது. நானும் சொன்னேன். ஏலத்தில் எடுத்த ஒன்றின் மேல் வந்த இந்தப் பிரியம் போலி என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. அப்படிப் பார்த்தால் எந்தப் பிரியத்தின் முன்வரலாறும் தேறாது. மஞ்சள், சிங்கம், விசில் என்ற மூன்றே சரக்குகளை வைத்து இதைச் செய்தார்கள். மஞ்சளும் சிங்கமும் எந்த ஊருக்கும் பொருந்தும். விசில்தான் நம் ஊர்ச் சரக்கு.

'விசில் போடு' என்ற இரண்டு சொற்களை எழுதியவர் யாரானாலும் அவருக்கு மொழி தெரியும். விசில் தரை டிக்கெட்டிலிருந்து வந்தது. படித்தவர்கள் முகம் சுளித்த சத்தம் அது. ஆனால் அந்த விசிலுக்கு ஒரு கண்டிப்பு இருந்ததைக் கவனித்திருக்கிறோமா? தன் நடிகனே ஆனாலும் காட்சி சோடை போனால் அந்தப் பையன் விசிலடிக்கமாட்டான். சமயத்தில் அதே வாயால் ஊளையும் இடுவான். டிக்கெட் வாங்கியவன் கையில் இருந்த ஒரே அதிகாரம் அது, கொடுப்பதும் மறுப்பதும் அவன் இஷ்டம். தரை டிக்கெட்டின் விமர்சனம் என்றே அதைச் சொல்லலாம். இப்போது வினையைப் பாருங்கள். 'போடு'. ஏவல். கொடுப்பதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யவேண்டிய ஒன்று அவனுக்கு இடப்பட்ட கட்டளையாகிவிட்டது. வாசலில் ஊதல் கிடைக்கிறது. பெரிய திரையில் எழுத்து மின்னுகிறது, ஒலிபெருக்கி எடுத்துக் கொடுக்கிறது, நாம் முடிக்கிறோம். நல்ல பந்துக்கும் விசில், அகலப்பந்துக்கும் விசில். இரண்டு பந்துகளுக்கு நடுவே மைதானத்தில் முன்பு ஒரு மௌனம் இருக்கும். களத்தில் ஆட்களை நகர்த்துவதைப் பார்த்து, அடுத்து என்ன போடுவான் என்று பக்கத்து ஆசாமியிடம் பந்தயம் கட்டும் நேரம் அது. அந்த நேரத்தை நிரப்பிவிட்டார்கள். 2009-ல் ஆட்டத்துக்கு நடுவே ஏழரை நிமிஷ இடைவேளை ஒன்றைப் புகுத்தி அதற்கு 'வியூக' இடைவேளை என்று பெயர் வைத்தார்கள். வியூகம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு ஓட்டம் விழுந்தால் வர்ணனையாளர் அதை ஒரு வீட்டுமனைக் கம்பெனியின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் ஒரு சிறு கணக்கு. 2023 முதல் ஐந்து வருஷத்துக்கான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு 2022-ல் விற்றது. ஏலத்தின்போது கணக்கில் எடுத்தவை 410 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 118 கோடி. முழுதாக ஆடினால் 240 பந்துகள். பந்து ஒன்றுக்கு ஏறக்குறைய 49 லட்சம். இந்த விலையில் ஒரு பந்து சாதாரணப் பந்தாக இருக்க முடியாது. ஒவ்வொன்றும் மகத்தானதாகத்தான் வர்ணிக்கப்பட வேண்டும்.

வர்ணனைக்கு வருகிறேன். நம் வாரியம் தன் ஆட்டங்களை வர்ணிப்பவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஹர்ஷா போக்லே 2016-ல் ஐ.பி.எல். தொடங்கும் தறுவாயில் நீக்கப்பட்டார். காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. 2020-ல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர். வாரியம் வகுக்கும் நெறிகளின்படி வேலை செய்யத் தயார் என்று அவ்வருஷம் ஜூலையில் அவர் வாரியத்துக்கு எழுதியதாகச் செய்தி வந்தது. டெஸ்ட் ஆடியவர், அபிப்ராயம் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர், அந்த அபிப்ராயத்துக்கு முன்கூட்டி எல்லை கேட்டு எழுதும் நிலை! பதிப்பகமே மதிப்புரைக்காரனுக்கும் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குள் வேடிக்கையாகப் பேசியிருக்கிறோம். பின்னட்டை வாசகம் ஆகும். இன்று தொலைக்காட்சியில் கேட்பது இரவு முழுக்க நீளும் ஒரு பின்னட்டை வாசகம்.

சட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய அணியின் நெஞ்சில் வரிசையாக ஒரு நிதிக் குழுமம், ஒரு கைப்பேசிக் கம்பெனி, ஒரு பாடம் சொல்லித்தரும் கம்பெனி, ஒரு கற்பனை அணிச் சூதாட்டக் கம்பெனி என்று குடியிருந்திருக்கின்றன. முதலாவதன் தலைவர் 2014-ல் சிறை சென்றார், பாடக் கம்பெனி 2024-ல் திவால் வழக்கில் விழுந்தது, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் 2025 சட்டத்தோடு கடைசியானது வெளியேறியது. 'சூதாட்டம்' என்ற சொல் அந்தக் கம்பெனிக்குப் பிடிக்காது, திறமை என்பார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது 2013. ஐ.பி.எல். பந்தயச் சூது வெளிவந்தபோது சென்னை அணி உரிமையாளரின் மருமகன் கைதானார். அதுவரை அணியின் முதல்வர் என்ற ஸ்தானத்தில் மைதானத்துக்குள்ளும் ஏல மேஜையிலும் காட்சி கொடுத்தவர் அவர். உடனே அணித் தரப்பிலிருந்து வந்த விளக்கம், அவர் உரிமையாளரும் இல்லை, முதல்வரும் இல்லை, வெறும் ஆர்வலர் என்பது. ஆர்வலர்! அதாவது ரசிகர், உங்களையும் என்னையும் போல. ரசிகன் என்ற சொல்லின் மதிப்பு அன்று எங்கே வந்து நின்றது என்று யோசித்துப் பாருங்கள். பொறுப்பைக் கழற்றி மாட்டுவதற்கு ஓர் ஆணி. முத்கல் குழு 2014 பிப்ரவரியில் அந்த விளக்கத்தை ஏற்காமல், அவர் அணியின் அதிகாரிதான் என்றது. நிர்வாகிகள் ஐ.பி.எல்.லில் வணிக ஈடுபாடு வைத்துக்கொள்ள வழிசெய்து 2008-ல் வாரியம் திருத்திக்கொண்ட விதியை உச்சநீதிமன்றம் 2015 ஜனவரியில் ரத்து செய்தது. ஜூலையில் லோதா குழு அணியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது.

இனிதான் விளம்பரத் துறையின் மேதைமை. தண்டனை வனவாசமாயிற்று. 2018-ல் அணி திரும்பியபோது ஊர் கேட்டது குற்றத்தின் கதையை அல்ல, அநியாயமாகக் காடேகியவர்கள் திரும்பி வரும் கதையை. அந்தக் கதை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, கேட்டவுடன் கண் கலங்கும். 2019-ல் அதை ஆவணப்படமாகவும் எடுத்துவிட்டார்கள். சூதாடியது யார், எந்த விதியை யார் யாருக்காகத் திருத்தினார்கள் என்ற கேள்விகள் எல்லாம் கதைக்கு வெளியே. அணியை நேசித்துக்கொண்டே அந்தக் கேள்விகளைக் கேட்பது சாத்யம்தான். அப்படிக் கேட்டவன் அன்று துரோகி. என் சினேகிதர்கள் சிலரே அப்படிப் பார்த்தார்கள்.

அதே 2018 ஏப்ரலில் காவிரி. மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி மாநிலம் கொதித்துக்கொண்டிருந்தது. 10-ம் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம். வெளியே மறியல், உள்ளே களத்தில் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அணி சொந்தச் செலவில் ரயில் பிடித்துச் சுமார் ஆயிரம் ரசிகர்களைப் புனேவுக்கு அழைத்துப் போயிற்று. அந்த ரயிலுக்கும் விசிலின் பெயர்தான். போனவர்களின் சந்தோஷத்தை நான் சந்தேகிக்கவில்லை. மறியல் செய்தவர்களும் காமிரா எங்கே இருக்கிறதென்று தெரிந்துதான் அங்கே வந்தார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்ட ஓர் அணிக்கு அந்த ஊரின் தண்ணீர்ப் பிரச்னை பற்றிச் சொல்ல ஒரு வார்த்தையும் இருந்திருக்க முடியாது. ஊர் தொந்தரவு செய்தால் ஊரை விட்டுவிட்டு ரசிகர்களை மட்டும் ரயிலேற்றிக்கொள்ளலாம் என்று அந்தக் கோடையில் தெரிந்தது.

சேப்பாக்கத்துக் கூட்டம் ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று சொல்வார்கள். 1999 ஜனவரி 31-ஐச் சாட்சிக்கு இழுப்பார்கள். 271 தேவை, முதுகு வலியோடு டெண்டுல்கர் 136, அவர் போனபின் மீதி மூன்று விக்கெட்டும் நாலு ஓட்டத்தில். பாகிஸ்தானுக்கு 12 ஓட்டத்தில் வெற்றி. அந்த மாசம்தான் தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். இங்கே கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது. அந்தக் கைதட்டலுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்று அந்தக் கைதட்டலும் விளம்பர வாசகமாகிவிட்டது, அணியின் பண்டிகைகளில் நம்மை நமக்கே புகழ்ந்து விற்பதற்கு.

2023 கோடையில் அதே மைதானத்தில் நடந்தது இது. சென்னையின் விக்கெட் விழுகிறது, சென்னைக் கூட்டம் ஆரவாரிக்கிறது. அடுத்து தோனி வருவார் என்பதற்காக. ஆட்டமிழந்து திரும்புகிறவன் தன் சொந்த மைதானத்தில், தன் ஆட்கள் தன் வீழ்ச்சியைக் கொண்டாடும் இரைச்சலுக்குள் நடந்து போகிறான். நான் மேலே இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்று ஜடேஜா அந்த மே மாசம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோனியின் மேல் குறை சொல்ல இதில் ஏதுமில்லை, பிரமாதமான ஆட்டக்காரர். ஆனால் எந்த அணி ஜெயிக்கிறது என்பதும், ஆட்டம் எப்படிப் போகிறது என்பதும் இரண்டாம்பட்சமாகி, ஓர் உருவம் படியிறங்கி வருவதே காட்சியாக மிஞ்சும்போது அங்கே நடப்பது தரிசனம். தரிசனத்தில் ரசனைக்கு வேலையில்லை.

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்டின் மூன்றாம் நாள். முதல் நாள் ஷஃபாலி வர்மா 205 எடுத்திருந்தார், இந்தியா 603. அன்று ஸ்னேஹ் ராணா தன் எட்டு விக்கெட்டைப் பூர்த்தி செய்தார், தென்னாப்பிரிக்கா 266-ல் சுருண்டு மறுபடி ஆட வந்தது. ஐ.பி.எல். கூட்டத்தோடு ஒப்பிட்டால் கூட்டமே இல்லை. பக்கத்தில் ஒரு பெண் தன் தகப்பனாரிடம், ராணா ஏன் விக்கெட்டைச் சுற்றி வந்து வீசுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தப்பாகச் சொன்னார்; பின்வரிசையிலிருந்து ஒருவர் திருத்தினார். சாயங்காலம் சூனே லூஸ் நூறைத் தொட்டபோது கைதட்டினார்கள். தென்னாப்பிரிக்காக்காரிக்கு என்ன கைதட்டல் என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பெண் திரும்பி, "ஆடினா இல்ல?" என்றாள்.