போரும் கருத்துக் கணிப்பும்: ஓர் இறையியல் திறனாய்வு

ஒரு நாடு போரில் இறங்கும் வேளையில், அந்நாட்டு மக்களுள் இத்தனை விழுக்காட்டினர் அதனை ஆதரிக்கின்றனர் என்னும் செய்தி நாளேடுகளில் வெளிவருகின்றது. ஆட்சியாளர் அவ்வெண்ணைத் தம் செயலுக்குச் சான்றாகக் காட்டுவர். போரை எதிர்ப்போர் வேறொரு கணிப்பிலிருந்து வேறோர் எண்ணை எடுத்துரைப்பர். அருளுரைகளிலும் இவ்வெண்கள் இடம்பெறுவதுண்டு. இது மக்களின் மனச்சான்று என்று கூறி ஓர் எண்ணைச் சபைமுன் வைக்கும்பொழுது நாம் உண்மையில் எதனை வைக்கின்றோம்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு 2003 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்கா ஈராக்கின்மீது தொடுத்த போரை எடுத்துக்கொள்கிறோம். அப்போரின் முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட கணிப்புகள் மிகப் பல. அன்றியும், அந்நாட்டுத் திருச்சபைகள் அதில் இரு பக்கமும் நின்றன.

1. மாதிரி பற்றிய ஐயம்

'ஆயிரம் பேரைக் கேட்டுப் பல கோடி மக்களின் கருத்தை அறிவது எங்ஙனம்? எங்களை ஒருவரும் கேட்கவில்லையே!' என்பது கணிப்புகளுக்கு எதிராக வழக்கமாக எழும் மறுப்பு. இம்மறுப்பு வலுவற்றது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஏறத்தாழ 1 கோடிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களுள் 46-இல் வென்றார். அதனினும் மிகக் குறைந்த தொகையினரைக் கேட்ட ஜார்ஜ் கேலப், வெல்பவர் யார் என்பதைச் சரியாகக் கூறினார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட அவர்களை எவ்வாறு தெரிந்தெடுத்தோம் என்பதே முதன்மையானது. முறையாகத் தெரிந்தெடுத்த ஆயிரம் பேரின் விடை, முழு மக்களின் விடையினின்று பெரும்பாலும் மூன்று விழுக்காட்டிற்கு மேல் விலகாது.

எனவே, கணிப்பின் குறையை எண்ணிக்கையில் தேடுவோர் அதனைக் காணமாட்டார். நாம் நோக்க வேண்டுவன வேறு: கேட்கப்பட்ட வினா, கேட்கப்பட்ட வேளை, விடையளித்தோரின் அறிவு, வினாவில் இடம்பெறாதோர் ஆகியவை.

2. வினா செய்யும் வேலை

2003 ஜனவரியில் பியூ ஆய்வு மையம், சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஈராக்கில் இராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்டது. 68 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 25 விழுக்காட்டினர் எதிர்த்தனர். அமெரிக்கப் படையினருள் ஆயிரக்கணக்கானோர் உயிரிழக்கவோ காயமுறவோ நேரிடினும் ஆதரிப்பீர்களா என்று வினாவை நீட்டியபொழுது ஆதரவு 43 விழுக்காடாகக் குறைந்தது. எதிர்ப்பு 48 விழுக்காடாக உயர்ந்தது. அதே நாடு, அதே மாதம், அதே போர். ஒரு வினாவின்படி பெரும்பான்மையோர் போரை வேண்டினர். மற்றதன்படி வேண்டாதவரே மிகுதி.

இவற்றுள் எது மக்களின் உண்மையான கருத்து? இக்கேள்வியே பொருந்தாதது என்று நாம் கருதுகிறோம். முன்னரே முடிவாகி, உள்ளத்தில் உறைந்து கிடக்கும் ஒரு கருத்தை வினா வெளிக்கொணர்கிறது என்று எண்ணுகிறோம். ஆனால் பெரும்பாலோரிடத்தில் அத்தகைய முடிவு இல்லை. ஒன்றோடொன்று மோதும் பல எண்ணங்களே உள்ளன: கொடுங்கோலன் வீழ வேண்டும் என்ற விருப்பம், பிள்ளைகள் மாளக்கூடாது என்ற அச்சம், நாட்டின்மீது பற்று, ஆட்சியாளர்மீது ஐயம். இவற்றுள் ஒன்றை வினா தொடுகின்றது. அது விடையாக வெளிவருகின்றது. 68-உம் உண்மையே, 43-உம் உண்மையே. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அம்மக்களின் நிலை நமக்கு விளங்கும். ஒன்றை மட்டும் எடுத்துக் கூறுபவர், அதனை எவ்வளவு துல்லியமாகக் கூறினாலும், பாதியையே கூறுகிறார்.

இங்குப் பிறிதொன்றும் நோக்கத்தக்கது. நீட்டப்பட்ட வினாவிலும் எண்ணப்பட்ட இழப்பு அமெரிக்கப் படையினரின் இழப்பே. ஈராக்கியக் குடும்பங்களில் எத்தனை பேர் மாண்டாலும் ஆதரிப்பீர்களா என்று அவ்வினா கேட்கவில்லை. போரினால் முதற்கண் துன்புறப்போகிறவர்கள் விடையளிப்போராகவும் அங்கு இல்லை. வினாவின் பொருளாகவும் இல்லை. எனக்குப் பிறன் யார் என்று ஆண்டவரிடம் கேட்ட நியாயசாஸ்திரியின் வினாவை நன்கு அறிந்த நாம், இவ்விடைவெளியைக் காணாமல் கடந்து செல்லலாகாது.

3. வேளையும் அறிவும்

நெருக்கடி நேரத்தில் மக்கள் தலைவரைச் சூழ்ந்துகொள்வர். 2001 செப்டம்பர் 11-க்குச் சற்று முன்பு குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷின் பணியை ஏற்றுக்கொண்டவர்கள் கேலப் கணிப்பின்படி 51 விழுக்காட்டினர். அம்மாத இறுதிக்குள் 90 விழுக்காட்டினர். இரண்டு வாரங்களில் அவருடைய ஆட்சித் திறன் இருமடங்காகிவிடவில்லை. அடிபட்ட மக்கள் ஒன்றுகூடினர். இவ்வொன்றுகூடலில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. அதனை இகழ வேண்டுவதில்லை. ஆயின், அவ்வேளையில் ஒரு போருக்குக் கிடைக்கும் ஆதரவை ஆய்ந்து தெளிந்த தீர்ப்பாகக் கொள்வதும் தகாது.

அறிவைப் பற்றியும் அவ்வாறே. 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு எடுத்த கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்கு நேரடித் தொடர்பு இருந்திருக்கக்கூடும் என்று 69 விழுக்காட்டினர் கூறினர். அத்தாக்குதலை ஆராய்ந்த அரசு ஆணையம், ஈராக் அதில் ஒத்துழைத்ததற்குச் சான்று இல்லை என்று 2004-இல் அறிவித்தது. போருக்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவுப் படைக்கலக் குவியல்களும் கண்டெடுக்கப்படவில்லை. பொய்யான செய்தியின்மேல் எழுந்த நேர்மையான விடையை நாம் என்னவென்று அழைப்பது? விடையளித்தவர் பொய் சொல்லவில்லை. எனினும் அவர் விடை உண்மையின்மேல் நிற்கவில்லை. மனச்சான்று பிழையான செய்தியால் வழிதவறக்கூடும் என்பது இறையியல் மாணவர் அனைவரும் கற்கும் பாடம். அப்பாடம் கோடிக்கணக்கானோர்க்கு ஒருங்கே பொருந்துவதை இங்குக் காண்கிறோம்.

4. 'தவறு' என்னும் சொல்

போர் நீண்டபொழுது எண்கள் மாறின. ஈராக்கிற்குப் படையனுப்பியது தவறு என்று 2003 மார்ச்சில் கேலப் நிறுவனத்திடம் கூறியவர்கள் 23 விழுக்காட்டினர். 2008 ஏப்ரலில் 63 விழுக்காட்டினர். வியட்நாம் போரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அப்போரில் இறங்கியது தவறு என்றோர் 1965 ஆகஸ்டில் 24 விழுக்காடு. 1968 ஆகஸ்டில் 53 விழுக்காடு. 1971 மே மாதத்தில் 61 விழுக்காடு.

போர் எதிர்ப்பாளர்கள் இவ்வெண்களை நாட்டின் மனந்திரும்புதலாகப் படிக்க விரும்புவர். நாமும் அவ்வாறு படிக்க விரும்பலாம். ஆனால் வினாவின் சொல்லை உற்றுநோக்க வேண்டும். கேட்கப்பட்டது 'தவறா' என்பதே. 'குற்றமா', 'பாவமா' என்று எவரும் கேட்கவில்லை. போரே கூடாது என்பவரும் தவறு என்பார்; வெற்றி கிட்டவில்லையே என்று வருந்துபவரும் தவறு என்பார்; இன்னும் கடுமையாகத் தாக்கியிருக்க வேண்டும் என்று சினப்பவரும் தவறு என்பார். மூவரும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுகின்றனர்.

அரசியல் அறிஞர் ஜான் முல்லர் கொரிய, வியட்நாம் போர்களின் கணிப்புகளை ஆராய்ந்து 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கப் படையினரின் இழப்பு பத்து மடங்காகும்போதெல்லாம் போருக்கான ஆதரவு ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது என்பது அவருடைய முடிவு. இழப்பு நூறிலிருந்து ஆயிரமாகும்போது எவ்வளவு குறைந்ததோ, ஆயிரத்திலிருந்து பதினாயிரமாகும்போதும் அவ்வளவே குறைந்தது. இம்முடிவு பிற போர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நமக்கு அது ஒன்றை உணர்த்துகிறது. ஆதரவு குறைவதற்குத் தன் வீட்டு இழப்பே போதும். எதிரியின் வீட்டை நினைத்தே குறைந்தது என்று அவ்வெண்ணிலிருந்து நாம் முடிவு செய்ய இயலாது. கோபுரம் கட்டுகிறவன் செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பது விவேகம். அதனை நம் ஆண்டவரே எடுத்துக்காட்டினார். ஆனால் செலவு மிகுந்ததற்காக வருந்துவது வேறு. தீங்கு செய்ததற்காக வருந்துவது வேறு. திருமறை கூறும் மனந்திரும்புதல், தீங்கிழைக்கப்பட்டவனைப் பெயர்சொல்லி நினைக்கின்றது. 63 என்னும் எண்ணில் அத்தகையோர் எத்தனை பேர் என்பதை அக்கணிப்பு நமக்குக் கூறாது.

5. ஆலயத்தினுள் வந்த கணிப்பு

அருட்பணியாளராகிய நம்மை மிகவும் தொட வேண்டிய கணிப்பு, போர் தொடங்கும் தறுவாயில் 2003 மார்ச்சில் பியூ மையம் எடுத்ததாகும். வெள்ளையர் நற்செய்திச் சபையாருள் 77 விழுக்காட்டினர் போரை ஆதரித்தனர். பிற பழம்பெரும் புரோட்டஸ்தாந்து சபையாருள் 62 விழுக்காட்டினர். கத்தோலிக்கருள்ளும் அதே 62 விழுக்காட்டினர். தலைவர்களோ வேறு வேறு திசைகளில் நின்றனர். தென் பாப்திஸ்து சபையின் ரிச்சர்ட் லாண்டும் வேறு நான்கு நற்செய்தித் தலைவர்களும் 2002 அக்டோபரில் புஷ்ஷுக்கு எழுதிய மடலில், இப்போர் நீதியான போரின் நெறிகளுக்கு இசைந்ததென்றனர். புஷ் உறுப்பினராயிருந்த ஐக்கிய மெதடிஸ்து திருச்சபையின் ஆயர்கள் பலர் அதனை எதிர்த்தனர். போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக எதிர்த்து, கர்தினால் ஒருவரையே தூதராக அனுப்பினார். அவ்வாறிருந்தும் கத்தோலிக்க மக்களின் எண், எதிர்த்த ஆயர்களையுடைய புரோட்டஸ்தாந்தரின் எண்ணோடு ஒத்திருந்தது.

ஏன்? விடையின் ஒரு பகுதி அதே கணிப்பில் உள்ளது. தவறாமல் ஆலயம் செல்வோருள் 57 விழுக்காட்டினர், தம் குருவானவர் போரைப் பற்றிப் பேசினார் என்றனர். ஆனால் அவர் ஒரு நிலைப்பாட்டை எடுத்துரைத்தார் என்றவர்கள் 21 விழுக்காட்டினரே. போரைக் குறித்த தம் எண்ணத்தை மிகுதியும் உருவாக்கியது எது என்று கேட்டபொழுது, சமய நம்பிக்கை என்று கூறியவர்கள் 10 விழுக்காட்டினர். செய்தி ஊடகங்கள் என்று கூறியவர்கள் 41 விழுக்காட்டினர்.

77-ஐப் பற்றி எழுதியோர் பலர். 10-ஐப் பற்றி எழுதியோர் சிலர். நம் பார்வையில் 10-உம் 21-உமே இவ்வறிக்கையின் மிகக் கடுமையான எண்கள். போரைக் குறித்துப் பேசுவதென்றால், சமாதானத்திற்காக மன்றாடிப் படையினரை நினைவுகூர்ந்து முடிப்பதே பலர்க்கு எளிதாயிற்று போலும். இப்போர் நீதியானதா என்று நெறிகளைக்கொண்டு ஆய்ந்து சபைக்குக் கற்றுத்தந்திருந்தால், அவ்வாய்வு எம்முடிவிற்கு வந்திருப்பினும், மக்கள் தம் எண்ணத்தை உருவாக்கியது நாளேடே என்று இத்துணை எளிதாகக் கூறியிருக்கமாட்டார். தாமஸ் அக்குவினாஸ் போர் நீதியாவதற்கு மூன்று நெறிகளைக் கூறினார்: உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம். மக்கள் ஆதரவு இம்மூன்றனுள் ஒன்றன்று. மக்களாட்சியில் அதிகாரம் மக்களிடமிருந்தே வருகிறதென்று வாதிக்கலாம். அப்பொழுதும் அது முதல் நெறியை மட்டுமே தொடும். மற்றிரண்டிற்கும் எவ்வளவு பெரிய விழுக்காடும் ஈடாகாது.

6. மிகாயாவின் இடம்

முதலாம் இராஜாக்கள் நூலின் 22-ஆம் அதிகாரத்தை இவ்வெளிச்சத்தில் மீண்டும் படிக்கலாம். ராமோத்தின்மேல் போருக்குப் போகலாமா, கூடாதா என்று ஆகாப் ஏறத்தாழ நானூறு தீர்க்கதரிசிகளை வினவினான். எல்லாரும் போகலாம் என்றனர். அவ்வொருமைப்பாடே யோசபாத்திற்கு ஐயம் தந்தது. வேறொருவர் இல்லையோ என்று கேட்டான். மிகாயாவை அழைக்கச் சென்றவனோ, எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னதையே நீரும் சொல்லும் என்று அறிவுறுத்தினான். ஏறக்குறைய ஒவ்வொரு போர்க்காலத்திலும் அருட்பணியாளன் காதில் விழும் அறிவுரை இதுவே.

மிகாயா கண்டது என்ன? மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல மலைகளில் சிதறுண்ட மக்களை. நானூறு பேரின் விடையில் வெற்றி இருந்தது, அரசன் இருந்தான். சிதறுண்ட மக்கள் இல்லை. கேட்கப்பட்ட வினாவில் இடம்பெறாதோரை அவன் சபையின் கண்முன் நிறுத்தினான்.

இதிலிருந்து, சிறுபான்மையே எப்பொழுதும் சரி என்று ஒருவரும் முடிவு கட்டலாகாது. காதேசில் இஸ்ரவேலர் அஞ்சிப் பின்வாங்கியதும் பெரும்பான்மை முடிவே. கர்த்தர் தடுத்தபின் துணிந்து மலையேறித் தோற்றதும் பெரும்பான்மை முடிவே. யோசுவாவும் காலேபும் இருவராயிருந்ததனால் சரியாயிருக்கவில்லை. மிகாயாவும் தனியனாயிருந்ததனால் மெய்யனாகவில்லை. தனித்து நிற்பதில் பெருமைகொள்ளும் போதகன், கூட்டத்தை எண்ணும் அரசனைப்போலவே எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டவனாகிறான்.

ஆகவே, கருத்துக் கணிப்புகளைப் புறக்கணிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. சபையார் எதனை அறிந்திருக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், யாரை மறந்திருக்கின்றனர் என்பதை அவை நமக்குக் காட்டுகின்றன. மேய்ப்பனுக்கு இது சிறிய உதவியன்று. ஒரு கணிப்பு கையில் கிடைக்கும்பொழுது மாணவர் முதலில் வினாவை முழுமையாகப் படிக்கட்டும். எடுத்த நாளைக் குறிக்கட்டும். அந்நாளில் மக்கள் நம்பியிருந்த செய்தி மெய்யா என்று தேடட்டும். வினாவில் யாருடைய சாவு எண்ணப்படவில்லை என்று எழுதி வைக்கட்டும். அந்நான்காம் குறிப்பிலிருந்து அடுத்த ஞாயிறு அருளுரையைத் தொடங்கலாம்.