சொல்லாமல் விட்ட சேதி

ஸில்வியா பிளாத் என்ற அமெரிக்கக் கவி வெளியிட்ட நாவல் ஒன்றே ஒன்று. 'தி பெல் ஜார்' என்று பெயர். 1963 ஜனவரியில், விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயரில், லண்டனில் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் தற்கொலை செய்துகொண்டார், வயது 30. அதனால் இந்த நாவலைப் பலர் ஒரு மரண ஓலையைப் படிப்பது போலப் படிக்கிறார்கள். அது நாவலுக்குச் செய்கிற அநியாயம் என்பது என் அபிப்பிராயம். இது பிழைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் கதை.

எஸ்தர் கெட்டிக்காரி, பரிசும் ஸ்காலர்ஷிப்புமாக வளர்ந்தவள். 1953 கோடையில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறாள். தூக்கம் போகிறது. படிக்க முடியவில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு மெல்ல வந்து குடியேறுகிறது. டாக்டர் கார்டனிடம் போகிறாள். மணிக்கு 25 டாலர்.

மேஜையில் குடும்பப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அழகான வாலிபர், உனக்கு என்ன கோளாறு என்று நீ நினைக்கிறாய் என்று கேட்கிறார். 'நினைக்கிறாய்' என்ற அந்தச் சொல்லில் எஸ்தரின் மனசு மூடிக்கொள்கிறது. கோளாறு ஒன்றும் இல்லை, எல்லாம் உன் நினைப்புத்தான் என்று அவர் சொல்வதாக அவளுக்குப் படுகிறது. அப்புறம் அவர் அவளுடைய காலேஜைப் பற்றி விசாரிக்கிறார். அவளோ எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பொறுக்கி எடுக்கிறாள். நோயாளி டாக்டரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை இத்தனை நுட்பமாக எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. நம் தொடர்கதை டாக்டர்கள் நாடி பார்த்து, "அதிர்ச்சி கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்!

பிறகு வருகிறவர் டாக்டர் நோலன் என்ற பெண்மணி. முன்னால் கொடுத்த மின்சார சிகிச்சை சரியாகச் செய்யப்படவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். சிகிச்சை நாளன்று தாமே வந்து சொல்லி, கூடவே நடந்து போகிறார். அம்மாவை வெறுக்கிறேன் என்று எஸ்தர் சொல்லும்போது அவர் திடுக்கிடவில்லை, புன்னகை செய்கிறார். உண்மை வெளியே வர அது போதுமானதாக இருக்கிறது.

குறையும் உண்டு. நோலன் வந்த பிறகு ஆசிரியைக்கு அவசரம் வந்துவிடுகிறது. அந்த இருவரின் பேச்சை நாம் இன்னும் கேட்டிருக்க வேண்டும். ஜோன் என்ற தோழியின் சாவு, கதையை முடிக்கக் கண்டுபிடித்த சௌகரியமாகவே தோன்றுகிறது.

சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று இன்றைய வைத்தியம் சொல்கிறது. கேட்டால் சொல்லத் துணிவு வரும். உண்மையைச் சொல்வது நோயாளியின் கடமை மட்டும் அல்ல. அதைச் சம்பாதிக்க வேண்டியவர் டாக்டர். முதல் டாக்டர் சரியில்லையென்றால் இன்னொருவரிடம் சொல்லலாம். நாவலை மூடியபின் வாசகர் மனசில் நிற்கவேண்டியது இதுதான்.