காட்டேரிக்குச் சான்றளித்த பேராசிரியர்!

பிணம் எழுகிறதாம், பெட்டியைத் திறக்கிறதாம், கன்னியின் கழுத்தில் பல் பதித்துக் குருதியைக் குடிக்கிறதாம்! கதைதானே, கண்டு களித்துவிட்டுப் போகலாமே என்பர். களிப்பதை நாம் தடுக்கவில்லை. 1922இல் ஜெர்மனியில் மூர்னோ உருவாக்கிய 'நாஸ்ஃபெரட்டு' படத்தில், மாடிப்படிச் சுவரிலே ஏறிவரும் அந்த நீள்நக நிழலைக் கண்டு நாமும் வியந்தவர்களே. நம் வழக்கு பேயின் மீதன்று. பேயோட்ட வருகிறாரே பேரறிஞர், அவர் மீது!

வரலாறு கூறுவது என்ன? பதினெட்டாம் நூற்றாண்டில், ஆஸ்திரியப் பேரரசின் சிற்றூர்களிலே, புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து எரித்தனர். அழுகாத உடலெல்லாம் காட்டேரியாம்! தாயைப் புதைத்த மகன், தாயின் பிணம் தீயில் வேகக் கண்டு நின்ற கொடுமையை எண்ணிப் பாருங்கள். 1755இல் அரசி மரியா தெரேசாவின் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டன் இதனை ஆராய்ந்தார். காற்றுப் புகாத குழியில் உடல் கெடாதிருப்பது இயற்கை, பேயுமில்லை, பிசாசுமில்லை, எல்லாம் அறியாமையின் விளைவே என்று எழுதினார். பிணம் தோண்டுவதற்குத் தடை விதித்தார் அரசி.

மருத்துவர் விரட்டிய பேயை, 1931இல் ஹாலிவுட் மீண்டும் அழைத்தது. டாட் பிரௌனிங் இயக்கிய 'டிராகுலா'வில் பெலா லுகோசியின் பார்வை ஒன்றே போதும், அரங்கம் அடங்கிவிடும், அத்தகைய நடிப்பு. ஆனால் பேராசிரியர் வான் ஹெல்சிங் செய்வதென்ன? ஆய்வுக்கூடத்தில் நிற்கிறார், கண்ணாடிக் குழாயைக் கையில் ஏந்துகிறார், காட்டேரி உண்டு என்று முடிவு கூறுகிறார்! பூசாரி சொன்னால் நகைப்பான் இளைஞன்; பேராசிரியர் சொன்னால்? அதோடு விட்டார்களா! படம் முடிந்த பின்னரும் அவரே திரையில் தோன்றி, இத்தகையவை உண்மையிலேயே உண்டு என்று அவையோருக்கு உறுதி கூறினார். 1936இல் மறுவெளியீட்டின்போது அப்பகுதியை வெட்டினர். அறிவுக்கு இழுக்கென்றா? இல்லை, மதவாதிகள் சினங்கொள்வரே என்ற அச்சத்தால்!

கதிரொளி பட்டால் காட்டேரி மாயும் என்பதைத் தொன்மை நம்பிக்கை என எண்ணுவோர் பலர். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய புதினத்தில் அக்கோமான் பகலிலே நடமாடுகிறான். முப்பாட்டன் மொழியன்று, மூர்னோவின் படம் புகுத்திய சரக்கு அது! 1958இல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் அதையே எடுத்தாண்டது. திரைச்சீலையைக் கிழித்தெறிகிறார் வான் ஹெல்சிங், வெயில் பாய்கிறது. வெயில் போதாதென்று, இரு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி நீட்டுகிறார். கோமான் சாம்பலாகிறான். கோட்டைக்குள் கொழுத்திருந்த அந்தப் பிரபு எவர் உழைப்பில் வாழ்ந்தான் என்று மட்டும் பேராசிரியர் கேட்கவேயில்லை.