எண்ணெய் கிடைத்தது, பங்குதாரருக்கு?

2010 டிசம்பர் 2 அன்று, ஃபாக்லாந்துக் கடலில் தோண்டிய ரேச்சல் நார்த் கிணற்றில் எண்ணெய் இருப்பதாக, எண்ணெய் தேடும் சிறு நிறுவனமான டிசையர் பெட்ரோலியம் அறிவித்தது. சிறு நிறுவனங்களுக்கான லண்டன் எய்ம் சந்தையில் அதன் பங்கு விலை ஏறியது. 6-ஆம் தேதி மறு அறிவிப்பு வந்தது: கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் பதிவைப் பார்த்து எண்ணெய் என்று கணித்திருந்தார்கள், மாதிரியை எடுத்துப் பார்த்தால் தண்ணீர். பங்கு விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஒரே கிணற்றை நம்பி நிற்கும் நிறுவனத்தில் இப்படித்தான் நடக்கும்.

அதற்காக எண்ணெய் தேடும் சிறு நிறுவனங்களில் போடும் முதலீட்டை வெறும் சூதாட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. பெருநிறுவனங்கள் கைகழுவிய நிலத்தைச் சிறியவர்கள் விடாமல் துருவுவார்கள். ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் ஷெல் வைத்திருந்த பாதி உரிமையை, எடின்பரோவின் கெய்ர்ன் எனர்ஜி 2002-இல் 70 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய விலைக்கு வாங்கியது. 2004 ஜனவரியில் அங்கே மங்களா வயல் அகப்பட்டது; அதே ஆண்டில் கெய்ர்ன் லண்டன் சந்தையின் நூறு பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஃப்டிஎஸ்இ 100 பட்டியலில் இடம்பிடித்தது. ஆனால் இதைக் கைராசி என்று எண்ணிவிடக் கூடாது. அதே கெய்ர்ன் 2010, 2011-இல் கிரீன்லாந்துக் கடலில் எட்டுக் கிணறுகள் தோண்டி, 100 கோடி டாலருக்கு மேல் கொட்டியும், வணிகத்துக்கு உதவும் எண்ணெய் எதுவும் கிட்டவில்லை.

வறண்ட கிணறு எல்லோரும் அறிந்த ஆபத்து. எண்ணெய் கிடைத்த பிறகு தொடங்கும் சிக்கலைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ராக்ஹாப்பர் நிறுவனத்தைப் பாருங்கள். 2010 மே மாதம் அதே ஃபாக்லாந்துக் கடலில் சீ லயன் வயலைக் கண்டுபிடித்தது. வயல் முழுக்க அதன் கையில்தான். ஆனால் நடுக்கடலில் உற்பத்தி தொடங்கச் சிறிய நிறுவனத்திடம் ஏது பணம்? 2012-இல் 60 சதவீதம் பிரீமியர் ஆயில் நிறுவனத்துக்குப் போனது. பிரீமியரை எடுத்துக்கொண்ட ஹார்பர் நிறுவனம் பின்வாங்க, 2022-இல் நேவிடாஸ் நிறுவனம் 65 சதவீதத்துடன் உள்ளே வந்தது. கண்டுபிடித்தவர் கையில் 35 சதவீதம். அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியும் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட விற்பனைக்கு வரவில்லை.

உரிமையைப் பங்குபோட மனமில்லை என்றால் புதுப் பங்கு வெளியிட வேண்டும். வருமானம் இல்லாத நிறுவனத்துக்கு வங்கி எளிதில் கடன் தராது. புதுப் பங்கும் பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழேதான் போகும். பழைய பங்குதாரரின் பிடி ஒவ்வொரு முறையும் இளைக்கும். நிறுவனத்தின் மொத்த மதிப்பு உயர்ந்தும் ஒரு பங்கின் விலை தேங்கிக் கிடப்பது இதனால்தான்.

அதனால் இத்தகைய நிறுவனங்கள் தரும் விளக்கக் கையேட்டின் வண்ண வரைபடங்களும் 'இத்தனை கோடி பீப்பாய் இருக்கலாம்' என்ற மதிப்பீடும் எனக்கு இரண்டாம்பட்சம். கையிருப்புப் பணம் எத்தனை கிணறுகளுக்குத் தாங்கும், கடந்த மூன்று ஆண்டுகளில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். இரண்டுக்கும் வேண்டிய எண்கள் ஆண்டறிக்கைகளில் இருக்கும், பின்பக்கங்களில், பொடி எழுத்தில்.