குப்பைமேடும் நாவலாசிரியனும்

சார்ல்ஸ் டிக்கன்ஸ் முற்றாக எழுதி முடித்த கடைசி நாவல் ‘அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்’. 1864, 1865ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நாவலின் நடுவே நிற்பது ஒரு குப்பைமேடு. இலண்டன் நகரக் குப்பையை ஒப்பந்தத்துக்கு அள்ளிச் செல்வம் திரட்டிய ஹார்மன் என்னும் கிழவன் இறந்துபோகிறான். அவன் விட்டுச்சென்ற மேடுகள் யாரைச் சேரும் என்பதிலிருந்து கதை விரிகிறது. ஏழைகளின் நாவலாசிரியன் என்று டிக்கன்ஸை நம்மவர் போற்றுகையில் இந்நூலையும் சான்று காட்டுவதுண்டு. அப்போற்றுதலில் பாதியே உண்மை என்பேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். முதலாளித்துவச் சமுதாயத்தின் செல்வம் எத்தகையது என்பதைக் குப்பையின் உருவில் காட்டிய துணிவு சாதாரணமானதன்று. மரக்கால் கொண்ட வெக், உயில் ஏதும் புதைந்து கிடக்குமோ என மேட்டைக் குத்திக் குத்தித் தேடும் காட்சிகளில் பேராசை அப்படியே அம்மணமாக நிற்கிறது.

இக்கதையை ஒருநாள் என் உயர்தர வகுப்பிலே சொன்னேன். மாணவியொருத்தி எழுந்து, “சேர், அந்தக் குப்பையை அரிச்ச ஆக்கள் கதையில வரேல்லையோ?” என்றாள். எனக்கு உடனே விடை வரவில்லை. வீட்டுக்குப் போய் நூலை மறுபடி புரட்டினேன்.

குப்பை தானாகப் பொன்னாவதில்லை. அக்கால இலண்டனில் வீட்டுக் குப்பையிற் பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பல். வண்டிகள் அதனைக் குப்பை முற்றங்களிற் கொண்டுவந்து கொட்டின. பெண்கள் இரும்புச் சல்லடைகளோடு நின்று அதனை அரித்தனர். நுண்சாம்பல் செங்கல் மண்ணோடு கலப்பதற்குப் போயிற்று. எரியாத கரித்துண்டுகள் சூளைக்குப் போயின. கந்தலும் எலும்பும் பழைய உலோகமும் தனித்தனியே விலையாயின. ஹார்மனின் செல்வம் அச்சல்லடைகளின் வழியே வந்தது. அரித்தெடுத்த பெண்களோ நாவலில் இல்லை. மேற்பார்வை செய்த பொஃபின் இருக்கிறான். அவனுக்குச் சொத்தும் கிடைக்கிறது. இறுதியில் மேடுகள் வண்டி வண்டியாக அகற்றப்படும்போது, அள்ளும் கூலிகளிடையே நாம் பின்னர் அடையாளம் காணும் முகமும் மாறுவேடம் பூண்டுவந்த ஸ்லொப்பியினுடையதே.

ஆசிரியனுக்கு இது தெரியாதிருந்திருக்கலாம் என்று வாதிட இடமில்லை. டிக்கன்ஸ் தாமே நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில், 1850 ஜூலையில், ஆர். எச். ஹோர்ன் என்பவர் குப்பை அரிப்போரைப் பற்றி எழுதினார். மறு ஆண்டில் ஹென்றி மேஹ்யூவின் ஆய்வு அவர்களின் உழைப்பை விரிவாகவே பதிவுசெய்தது. அறிந்திருந்தும் வாரிசின் கதையைத் தெரிந்தெடுத்தமை ஒரு வர்க்க நோக்கின் விளைவு. கலைநயம் எவ்வளவு இருப்பினும் அக்குறை குறையே.

நூற்றைம்பது ஆண்டு கழித்து இதை நாம் ஏன் கிளற வேண்டும்? கொழும்பின் மேட்டுக்கு வாரிசு இல்லை. நம் நகரக் குப்பையிற் பெரும்பகுதி ஈரமான சமையற் கழிவு. அது அழுகிக் கழிவுநீரும் மீதேன் வாயுவுமாகும். அதனை வாங்க யாரும் வரார். ஆதலால் புளூமெண்டாலிலும் பின்னர் கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையிலும் ஏழைகளின் குடிசையோரத்தில் அது கொட்டப்பட்டது. சதுப்பு நிலத்தின்மீது, அடியில் நீர்புகாத விரிப்பின்றி, மண்மூடலின்றி ஆண்டுக்கணக்கில் உயர்ந்த அம்மேடு, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, வீடுகளின்மேற் சரிந்தது. 32 பேர் மாண்டனர். அதனை ‘அனர்த்தம்’ என்றோம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் வழங்குகிற சொல் அது. கொட்டியவர் யார் என்ற கேள்வி அச்சொல்லுக்குள் அடங்கிப் போகிறது.

அடுத்து வந்த சொல் ‘பரிமாற்று நிலையம்’. களனியில் குப்பையை இறுக்கிக் கொள்கலன்களில் அடைத்து, புகையிரதத்தில் ஏற்றி, புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பழைய குழிகளிடத்தே அமைத்த நிரப்பு நிலத்தில் இடுவது திட்டம். முறையான நிரப்பு நிலத்துக்கு அடிவிரிப்பு உண்டு. கழிவுநீர் சேர்த்துச் சுத்திகரிக்கப்படும். அன்றன்றைய குப்பை மண்ணால் மூடப்படும். திறந்த மேட்டைவிட இது மேலானது என்பதை மறுத்தல் அறிவுடைமையாகாது. ஆயினும் இடமாற்றம் என்பதன் பொருளை ஆசிரியர்களாகிய நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை: தீர்மானிப்பவர் ஓரிடம், போய்ச் சேர்வது வேறிடம். 2018இல் புத்தளம் மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதும் அதுவே. கொழும்பின் கழிவு எங்கள் வாவிக்கரைக்கு வருவதை யாரைக் கேட்டு முடிவுசெய்தீர்கள் என்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களிற் பலர் வந்து குடியேறிய மாவட்டம் அது. தமிழ் பேசும் மக்கள் அவர்கள்.

அம்மாணவிக்கு மறுவாரம் விடை சொன்னேன். டிக்கன்ஸ் அவர்களை எழுதவில்லை என்றேன். “அப்ப மீதொட்டமுல்லைய ஆர் எழுதினது சேர்?” என்றாள்.